சந்தனம் பட்ட துவக்கு

என் வீட்டுக்காரர் முயல் சுடத் துவக்கு வாங்கப் போகிறேன் என்று சொன்ன அன்று நான் வாய்விட்டுச் சிரித்தேன். ஆள் சுத்த சைவம். குளியலறையில் கரப்பான் பூச்சியைக் கண்டால் கடதாசியில் ஏற்றி வெளியே கொண்டுபோய் விடுகிற மனிதர். "முயலிட்டை அனுமதி கேட்டிட்டே சுடப் போறியள்?" என்று கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. அதைக் கண்டதும் என் சிரிப்பும் நின்றுவிட்டது.

எழுபதுகளின் நடுப்பகுதி அது. சிட்னி ரயிலில் எங்கள் முகச்சாயலில் ஒருவரைக் கண்டால், இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டாவது கதைத்துவிட்டு வருகிற காலம். டூங்கபியில் எங்களுக்கு வாடகை வீடு. பின்வேலிக்கு அப்பால் யாரோ ஒருவரின் குதிரை மேய்ந்துகொண்டிருக்கும். கொழும்பில் எஞ்சினியராக இருந்தவருக்கு லிட்கமில் ஒரு தொழிற்சாலையில் இரும்பைச் சுழற்றிச் சீவுகிற கடைசல் மெஷினில்தான் வேலை கிடைத்தது. அதைப் பற்றி இவர் ஒருநாளும் குறை சொன்னதில்லை. நான்தான் இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவரைக் குடைந்தது வேறொன்று. அவரோடு வேலை செய்தவர்கள் சனிக்கிழமைகளில் பென்றித்துக்கு அப்பால், வேலையை மேற்பார்க்கிற போர்மனின் தமையனுடைய பண்ணைக்கு முயல் சுடப் போவார்கள். திங்கட்கிழமை மத்தியானச் சாப்பாட்டு நேரம் முழுக்க அந்தக் கதைதான் நடக்கும். இவர் தன் சாப்பாட்டுப் பெட்டியோடு மேசையின் ஓரத்தில் இருந்து கேட்டுக்கொண்டிருப்பார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வருடத்துக்குப் பிறகு போர்மன், "நீயும் ஒருநாள் வாவேன்" என்று கூப்பிட்டாராம். அந்த ஒரு வார்த்தைக்காக இவர் அந்தக் கிழமை முழுக்க வீட்டுக்குள் விசிலடித்துக்கொண்டு திரிந்தார். எனக்கு அது விளங்கியது. விளங்கினாலும், வீட்டுக்குள் துவக்கு வருவது பிடிக்கவில்லை.

பரமட்டாவில் ஒரு கடை. தூண்டில், கூடாரம், துவக்கு எல்லாம் ஒரே கூரையின் கீழ் விற்பார்கள். வெளிநாட்டிலிருந்து கப்பலில் புதிதாக வந்திறங்கிய ரகம் என்று சொல்லிக் கடைக்காரர் ஒன்றை எடுத்து வைத்தார். தோட்டாவின் பின்விளிம்பில் ஊசி அடித்து வெடிக்கிற சின்னத் துவக்கு, முயலுக்கு அதுவே காணும் என்றார். இவர் தோட்டாவை உள்ளே தள்ளி மூடுகிற போல்டைக் கழற்றி, வெளிச்சத்தில் பிடித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். பெண் பார்க்க வந்தபோதுகூட என்னை அவ்வளவு நேரம் பார்க்கவில்லை. ஒரு வருட உத்தரவாதத்தோடு வாங்கிக்கொண்டு வந்தோம். முதல் சனிக்கிழமை தகர டின்களைச் சுட்டுவிட்டு, முயல்களை அவை பாட்டுக்குப் போகவிட்டுவிட்டு வந்தார். அவருடையதைக் கையில் வாங்கிப் பார்த்து ஆசைப்பட்ட போர்மனும் அடுத்த கிழமையே அதே கடையில் அதே துவக்கை வாங்கினார். என் வீட்டுக்காரருக்கு அதில் தலைகால் தெரியாத பெருமை.

பிறகு நவராத்திரி வந்தது. அப்போது அங்கே எங்களுக்குப் போக ஒரு கோயில் ஏது? குசினி அலுமாரிக்கு மேலேதான் சரஸ்வதி படம் இருந்தது. ஆயுத பூசையன்று இவர் தன் அளவுகோல்கள், கார்ச் சாவி, என் தையல் மெஷின் எல்லாவற்றையும் கொண்டுவந்து அடுக்கினார். கடைசியில் துவக்கையும் கொண்டுவந்து சுவரில் சாத்தினார்.

"இதையும் வைக்க வேணுமோ?" என்று கேட்டேன்.

"வாங்கின சாமானுக்குப் பூசை செய்யாமல் விடுறதோ?" என்றார்.

கொழும்பில் அவர் வேலை செய்த பட்டறையில் ஒரு வழக்கம் இருந்ததாம். ஆயுத பூசையன்று மெஷினின் வெளிப்பக்கத்துக்குப் பொட்டு வைத்தால் போதாது. எந்த இடம் உண்மையில் வேலை செய்கிறதோ அந்த இடத்துக்கு வைக்க வேண்டும். எதையும் அரைகுறையாகச் செய்யத் தெரியாதவர் இவர். போல்டைத் திறந்து, விரலை உள்ளே விட்டு, ரோஸ் வாட்டரில் குழைத்த சந்தனத்தை நன்றாகவே வைத்தார். விஜயதசமி வரை எதையும் தொடக்கூடாது. அதுவரை சந்தனம் அங்கேயே இருந்து காய்ந்தது. எடுத்தபோது கண்ணுக்குத் தெரிந்ததை மட்டும் துடைத்தார்.

அதற்கு அடுத்த சனிக்கிழமை போனவர் மத்தியானத்துக்கு முன்னமே திரும்பி வந்துவிட்டார். கதிரையில் இருந்தார். தேத்தண்ணி கொடுத்தேன், குடிக்கவில்லை. ஆரையோ சுட்டுப்போட்டார் என்றுதான் நினைத்தேன். 

நடந்தது இதுதான். தோட்டாவை வைத்துப் போல்டைத் தள்ளி மூடியிருக்கிறார். அந்தக் கணமே துவக்கு வெடித்துவிட்டது. சன்னம் போர்மனின் சப்பாத்துக்கு ஒரு சாண் தள்ளி மண்ணைக் கிளப்பியிருக்கிறது. "நான் விசையைத் தொடேல்லை. என்ர விரல் கிட்டவும் போகேல்லை," என்று என்னிடம் சொன்னார்.

அங்கே ஒருவரும் அவரை ஏசவில்லையாம். ஏசியிருந்தால் நல்லது. போர்மன் தோளில் தட்டி, "பழகாத விரல், பதறத்தான் செய்யும்" என்றாராம். திங்கட்கிழமை காலை அதே போர்மன் இவரைக் கடைசல் மெஷினிலிருந்து எடுத்து ஸ்டோர்ஸில் சாமான் எண்ணப் போட்டார். கொஞ்ச நாளைக்குத்தான் என்றார். காரணம் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரியும். கை பதறுகிறவனை வேகமாகச் சுழலுகிற இரும்புக்கு முன்னால் யார் நிறுத்துவார்கள்? நூலிழை பிசகாமல் இரும்பு சீவுகிற கை அது. அந்தக் கையை நம்பித்தான் நாங்கள் அந்த நாட்டில் சோறு தின்றோம். அதை நம்பலாமா கூடாதா என்பது இப்போது கேள்வியாகிவிட்டது.

துவக்கைத் தூக்கிக்கொண்டு கடைக்குப் போனோம். கடைக்காரர் போல்டைக் கழற்றி, திருப்புளி முனையால் உள்ளே சுரண்டினார். மஞ்சளாகப் பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தார்.

"இது என்ன?" என்றார்.

ஏதோ ஒன்று, தெரியாது என்று சொல்லக்கூடாதா? என் வீட்டுக்காரர் அரிச்சந்திரன் வேலை பார்த்தார். சரஸ்வதியிலிருந்து தொடங்கிக் கொழும்புப் பட்டறை வரைக்கும் ஆங்கிலத்தில் ஒன்றும் விடாமல் விளக்கினார். நான் பின்னால் நின்று கிள்ளினேன், பலன் இல்லை. கடைக்காரர் உள்ளேயிருந்து இன்னொருவரைக் கூப்பிட்டு, "இதை வந்து கேள்" என்றார். வந்தவர் சிரிப்பை அடக்குகிற மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றார். எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறியது.

விஷயத்தைக் கடைக்காரர் சுருக்கமாக முடித்தார். உள்ளே ஊசியைப் பிடித்து வைத்திருக்க ஒரு சின்னப் பல் இருக்கிறது. அதில் இந்தக் குழம்பு ஒட்டிக் காய்ந்ததால் பிடி நழுவியிருக்கும். இல்லையென்றால் விரல் பட்டிருக்கும். எதுவானாலும் துவக்கில் பிழை இல்லை, உத்தரவாதம் செல்லாது.

"அப்படியென்றால் அந்தத் தட்டிலிருக்கிற புதுத் துவக்கு ஒன்றை எடுத்துப் போல்டை மூடிப் பாருங்கள். அதற்கு யாரும் பூசை செய்யவில்லையே," என்றேன்.

வெறும் துவக்கில் ஊசி விழுந்தால் உள்விளிம்பு அடிபடும், விற்கிற சாமானில் அதைச் செய்ய முடியாது என்றார். இறக்குமதி செய்தவர்களிடம் அனுப்பிக் கேட்கச் சொன்னேன். அனுப்பினார்கள். கிழமைக்கணக்கில் சத்தமில்லை. நான் தெருமுனை டெலிபோனுக்குப் போய்ப் போய்க் கேட்டேன். ஒருநாள் அவர் இன்று இல்லை என்பார்கள், இன்னொருநாள் பொறுப்பானவர் வேறு ஒருவர் என்பார்கள். கடைசியில், வெளிப்பொருள் கலந்ததுதான் காரணம் என்று அங்கேயும் சொல்லிவிட்டார்களாம். துவக்கைத் திருப்பிக் கொடுத்தபோது கடைக்காரர், "இனிமேல் எண்ணெய் மட்டும் போடுங்கள், லேடி" என்றார். வாசல் வரைக்கும் வந்து, திரும்பிப் போய் நாலு வார்த்தை கேட்கலாமா என்று நின்றேன். இவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

வீட்டில் அவர் வாய் திறப்பது குறைந்தது. ஸ்டோர்ஸில் எண்ணிவிட்டு வருவார், சாப்பிடுவார், படுப்பார். எனக்கு அவர் மேலும் கோபம்தான். கண்ட இடத்திலெல்லாம் பொட்டு வைக்கச் சொல்லி ஆர் கேட்டது? வாய்க்கு வந்தபடி ஏசியும் இருக்கிறேன். அதே நேரம், இவருக்கு வேலை போனால் வாடகைக்கு என்ன செய்வது என்ற கவலையும் விடவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம் உடுப்புக்கு அயன்பெட்டி போட்டு மினுக்கிக்கொண்டு நின்றேன். அடுத்த நாள் சனிக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. அவர்கள் போவார்கள், போர்மனும் தன் துவக்கைக் கொண்டு போவார். அந்த நினைப்பு வந்த இடத்தில் என் கை நின்றுவிட்டது. போர்மனுடையதும் அதே கப்பலில் வந்த அதே துவக்கு. அதில் ஒரு பொட்டுச் சந்தனம் இல்லை.

"இஞ்சேருங்கோ, எழும்புங்கோ," என்றேன். "போர்மன்ட வீட்டை போவம்."

விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கிப் போனது. "போய் என்னெண்டு சொல்லுறது? என்ர பிழையை உங்கட துவக்கில போட வந்திருக்கிறன் எண்டோ? நீர் சும்மா இரும்."

"நாளைக்கு அது தானா வெடிச்சு ஆரும் செத்தால், நான் சும்மா இருந்தனான் எண்டு சொல்லட்டோ?"

அவர் கார்ச் சாவியை எடுத்தார்.

போர்மனின் வீட்டில் வெயில் இன்னும் முற்றத்தில் கிடந்தது. பெரிய மனிதர், சிவந்த கழுத்து. எங்களைக் கண்டு திகைத்தாலும் குசினிக்குள் கூட்டிக்கொண்டுபோய்க் கதிரை போட்டார். அவருடைய மனைவி அடுத்த நாள் பயணத்துக்குச் சான்ட்விச் வெட்டிக்கொண்டு நின்றாள். இவர் தயங்கித் தயங்கிச் சொன்னார். போர்மன் பாதியிலேயே கையை உயர்த்தினார்.

"அதை விடு, மேட். உன்னை ஒருவரும் குற்றம் சொல்லவில்லை."

அந்த இரக்கம்தான் என்னைப் பேச வைத்தது. "குற்றம் சொல்லுங்கள், பரவாயில்லை," என்றேன். "ஆனால் உங்கள் துவக்கை எடுத்து எங்கள் முன்னால் போல்டை மூடிக் காட்டுங்கள். ஒன்றும் நடக்காவிட்டால் நாங்கள் மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போகிறோம்."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு உள்ளே போனார். துவக்கைக் கொண்டுவந்து, உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்து, சுட்டு முடித்த வெறும் தோட்டாக் கோது ஒன்றை வைத்து மூடினார். ஒன்றும் இல்லை. திறந்து மறுபடி மூடினார். ஒன்றும் இல்லை. இவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.  இப்படியே எழும்பிப் போக வேண்டி வந்தால் இந்த மனிதர் இனித் தலை நிமிரமாட்டார் என்று பயந்தேன்.

"இன்னும் பலமாக," என்றேன். "முயலைக் கண்ட அவசரத்தில் எப்படி மூடுவீர்களோ அப்படி."

அவருக்குச் சினம் வந்துவிட்டது. விசைக்குக் கிட்டப் போகாமல் விரல்களை விரித்துக் காட்டிவிட்டு, போல்டை அடித்து மூடினார்.

டிக்.

சின்னச் சத்தம்தான். ஊசி விழுந்துவிட்டது. போர்மன் துவக்கைப் பார்த்தார், தன் விரல்களைப் பார்த்தார். இன்னொரு முறை மூடினார், ஒன்றும் இல்லை. அடுத்த முறை மறுபடியும் விழுந்தது. அதற்குப் பிறகு அவர் மூடவில்லை. போல்டை உருவியெடுத்து மேசையில் வைத்துவிட்டுத் தள்ளி நின்றார்.

"பண்ணையில் நான்தானே முன்னால் போய்க் கேற் திறக்கிறேன்," என்றாள் அவருடைய மனைவி. அவள் யாரையும் குறிப்பாகப் பார்த்துச் சொல்லவில்லை. வெட்டின கத்தியை வைத்துவிட்டு என் பக்கத்துக் கதிரையில் வந்து இருந்தாள். நான் அவள் கையைத் தொட்டேன். குளிர்ந்துபோய் இருந்தது.

திங்கட்கிழமை இவரை மறுபடியும் கடைசல் மெஷினில் விட்டார்கள். அந்தக் கிழமையே போர்மன் இரண்டு துவக்குகளையும் கடைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். கடைக்காரர் மறுபேச்சில்லாமல் இரண்டையும் எடுத்துக்கொண்டாராம். நான் அத்தனை நாள் தொண்டை வற்றக் கேட்டது அவருக்கு ஐந்து நிமிடத்தில் நடந்தது. அதைக் கேட்டபோது சந்தோஷத்தை விட ஆத்திரம்தான் எனக்கு அதிகம் வந்தது, இன்றைக்கும் வருகிறது.

ஆனால் அந்த வெள்ளிக்கிழமை திரும்பி வரும்போது எனக்குச் சந்தோஷம் மட்டும்தான். காருக்குள் வாய் ஓயவில்லை. கடைக்காரரை எப்படிக் கேட்க வேண்டும், இறக்குமதிக்காரரை என்ன சொல்ல வேண்டும் என்றெல்லாம் அடுக்கிக்கொண்டு வந்தேன்.  இவர் ரயில் பாதையோரம் காரை ஓரமாக்கி எஞ்சினை நிறுத்தினார்.

"அப்ப நான் தொடேல்லைத்தானே?" என்றார்.

எனக்கு விளங்கவில்லை. "என்னத்தை?"

"விசையை." ஸ்டியரிங்கில் இருந்த தன் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தார். "எல்லாரும் சொல்லச் சொல்ல, நான் தொட்டுத்தான் இருப்பன் எண்டு எனக்கே பட்டிட்டுது. கண்ணை மூடினால் என்ர விரல் விசையில இருக்கிறதுதான் தெரியிறது. உம்மட்டைச் சொல்ல வெக்கமாயிருந்தது."

"நீங்கள் தொடேல்லை," என்றேன்.

"தொடேல்லை என்ன?"

"ஓம். நீங்கள் தொடேல்லை."

அவர் திரும்பவும் கேட்டார். நான் திரும்பவும் சொன்னேன்.