கடைக்கு முன்னால் விரித்த ஜமக்காளம்

எனக்குப் பத்து வயதிருக்கும்போது, ஒரு மாலை ஐந்து பத்துக்கு, எங்கள் கடைக்கு முன்னால் மாமா ஒரு ஜமக்காளத்தை விரித்தபோதுதான் எல்லாம் கெடத் தொடங்கியது. போன வாரம் என் மகள், கோவையில் நடக்கப்போகும் பெரிய இசை விழாவில் கடை எடுத்திருப்பதாகச் சொன்னாள். அன்றிலிருந்து எனக்குச் சரியான தூக்கம் இல்லை. அந்த வயதில் நான் பட்டது அவளுக்கு என்ன தெரியும்?

அதுவும் கோவைதான், அதுவும் இசை விழாதான். மூன்று நாள், கல்லூரி மைதானம், கொள்ளாத கூட்டம். அம்மா பவானியிலிருந்து ஜமக்காளங்களை எடுத்துவந்து கடை போட்டிருந்தாள். சரக்கு விற்றால் போத்தனூரில் சொந்தமாகக் கடை வைக்கலாம், விற்காவிட்டால் வியாபாரம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாது என்பது அப்பாவின் நிபந்தனை. முதல் இரண்டு நாளும் வந்தவர்கள் தடவிப் பார்த்துவிட்டு பஜ்ஜிக் கடைக்குப் போனார்கள். அன்று கடைசி நாள். மத்தியானம் பெய்த மழையில் தரை வேறு சொதசொதவென்று கிடந்தது.

மடித்தே வைத்திருந்தால் நிறம் எப்படித் தெரியும் என்பது அம்மாவின் தம்பியான மாமாவின் யோசனை. விரித்த மறுநிமிடமே ஒரு பெண்மணி வந்து, "ஏனுங்க, இதுல செத்த நேரம் உக்காந்துக்கலாமுங்களா?" என்றார்.

வேண்டாம் என்று அம்மா சொல்லியிருக்கலாம். எங்கள் பக்கத்தில் அது வாயில் வராது. "அதுக்கென்னங்க, உக்காருங்க" என்றாள். அந்தப் பெண்மணியின் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். அவரை நிற்கவைப்பது மரியாதையா? மாமா இரண்டாவதை விரித்தார். கச்சேரி தொடங்கியபோது எங்கள் சரக்கு முழுவதும் தரையில் கிடந்தது. அதன்மேல் ஊரே உட்கார்ந்து தாளம் போட்டுக்கொண்டிருந்தது. விழாக்காரர்கள் செய்த ஏற்பாடு என்றே எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

"எந்திரிக்கச் சொல்லுங்க மாமா" என்றேன்.

"உக்காந்தவிங்கள எப்படிக் கண்ணு எந்திரிங்கன்னு சொல்றது?"

அம்மா காலி மேசையைத் துடைத்துக்கொண்டே இருந்தாள்.

நானே போனேன். வாயைத் திறப்பதற்குள் ஒரு பெரியவர், "அம்மணி, இன்னொன்னு இருந்தா போட்டுடு. எங்க சம்மந்தி ஊட்டுல இருந்து வாராங்க" என்றார்.

அந்த நேரத்தில்தான் எங்களை அழைத்துப்போக அப்பா வந்தார். காலி மேசையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், அம்மாவின் முகத்தைப் பார்த்தார். ஓடிப்போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். இவராவது ஒரு சத்தம் போட்டு எல்லோரையும் எழுப்பிவிடுவார் என்று நம்பினேன். அவரோ என் கையை விடுவித்துவிட்டு, செருப்பைக் கழற்றிப் போட்டு, கூட்டத்தின் நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்தார். உள்ளங்கையால் நெசவைத் தடவினார். பாட்டு முடிந்து கைதட்டல் ஓய்ந்ததும், பக்கத்தில் இருந்தவரிடம் நாலு வரிசைக்குக் கேட்கும்படி சொன்னார்: "ஏனுங்க, தரையில உக்காந்த மாதிரியே இல்லீங்களே! அசல் பவானிச் சரக்காட்டம் இருக்குதுங்க. எங்கீங்க விக்கிறாங்க?"

சொந்தச் சரக்கையே அப்பாவுக்கு அடையாளம் தெரியவில்லையே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது.