செயலாளர் வீட்டுப் பெண்

கல்யாணமாகி நெய்வேலிக்கு வந்த முதல் ஞாயிற்றுக்கிழமை, "மலை பாக்கப் போலாம் வா" என்று என்னைச் சைக்கிளில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு போனார் என் கணவர். நான் பொதிகை மலையின் அடிவாரத்தில் பிறந்தவள். அவர் காட்டியதோ, நிலக்கரிக்கு மேலே கிடந்த மண்ணையெல்லாம் சுரங்கத்திலிருந்து வாரிக்கொண்டுவந்து கொட்டிய மேடு. எருக்கஞ்செடிகூட இல்லை. "இதுக்குப் பேரு மலையா?" என்று சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. அவரும் எங்கள் பக்கத்துக்காரர்தான். சுரங்கத்துக் கன்வேயரில் எலக்ட்ரீஷியன். ஊரில் விட்டுவந்த மலையை இங்கே வரவழைக்க முடியும் என்று உள்ளுக்குள் நம்பியவர்.

எழுபதுகளில் அந்த மேட்டின் பழைய பகுதியில் மரக்கன்று வைத்தார்கள். கன்றுகள் பிழைத்தன. மழை விட்ட பிறகு புல் வந்தது, பின்னாலேயே பூச்சியும் பறவையும் வந்தன. இவர் எங்கள் பிளாக்குப் பிள்ளைகளை ஞாயிறுதோறும் மேலே கூட்டிப்போகத் தொடங்கினார். கன்று நட்டவர்கள் மண்வெட்டி வைத்திருந்த தகரக் கொட்டகை ஒன்று காலியானதும் அதைக் கேட்டு வாங்கினார். அதுதான் பிள்ளைகளுக்கான இயற்கை மையம். பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்தும் பிள்ளைகள் வந்தார்கள். பத்துப் பேர் இருபதானார்கள், இருபது நாற்பதானது. ஒரு கமிட்டி உண்டாயிற்று. இவர் செயலாளர் ஆனார்.

நாற்பது பிள்ளைகளுக்குப் புளியோதரை கிண்டியது நான். தகரத் துண்டுகளில் மரங்களின் பெயரை வெள்ளைப் பெயிண்டில் எழுதியதும் நான்தான். என் கையெழுத்து நன்றாக இருக்கும். நைட் ஷிப்ட் முடிந்து கண் சிவக்க வருவார், குளிப்பார், தூக்குவாளிகளைச் சைக்கிளில் மாட்டிக்கொண்டு மேட்டுக்குக் கிளம்பிவிடுவார். யார் வீட்டுப் பிள்ளைக்கு எந்தப் பறவை பிடிக்கும் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். எங்கள் மகள் ஏழாவதா எட்டாவதா என்று ஒருமுறை பள்ளிக்கூடப் படிவத்தை நிரப்பும்போது என்னிடம் கேட்டார்.

அவளுக்கு அப்பாவைப் போலவே அந்த மேட்டின்மேல் கிறுக்கு. பன்னிரண்டு வயதில் ஒன்றைக் கண்டுபிடித்தாள். மேட்டின் கிழக்குச் சரிவில், செங்குத்தான மண்ணில் துளை போட்டுப் பஞ்சுருட்டான் குருவிகள் கூடு வைத்திருந்தன. பள்ளிக்கூடம் விட்டதும் தினமும் ஓடுவாள். எத்தனை துளை, எந்த நேரத்தில் என்ன பூச்சி வந்தது, குஞ்சு எப்போது வாசலுக்கு வந்து தலைநீட்டியது என்று ஒரு நாற்பது பக்க நோட்டு முழுக்கப் படத்தோடு எழுதினாள்.

அந்த வருடம் கோடை விடுமுறையில் கொல்லிமலைக்குப் பத்து நாள் முகாம் போவதென்று கமிட்டி முடிவு செய்தது. நிஜமான மலை. எட்டுப் பிள்ளைகளுக்குத்தான் இடம். நோட்டுப் புத்தகங்களைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வெளியூர்க் கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைத்தார்கள். அவர் முதலில் எடுத்துவைத்தது என் மகளின் நோட்டை. "இதை எழுதினது யார்?" என்று கேட்டு, அவளை எழுப்பி நிறுத்தி, எல்லோரையும் கைதட்டச் சொன்னாராம். வீட்டுக்கு ஓடிவந்து மூச்சிரைக்கச் சொன்னாள். நான் அன்றே அவளுக்கு ஸ்வெட்டர் இரவல் கேட்க அடுத்த குவார்ட்டர்ஸுக்குப் போனேன்.

மறுநாள் சாப்பிட உட்கார்ந்தபோது அவர் சொன்னார், "பட்டியல்ல இருந்து பாப்பா பேரை எடுத்துட்டேன்."

"எதுக்கு?"

"செயலாளர் பொண்ணுக்குச் செயலாளரே சீட்டுக் குடுத்துக்கிட்டார்னு நாளைக்கு ஒருத்தன் பேசுவான்."

"பேராசிரியர்தானே குடுத்தாரு?"

"அது உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும். ஊருக்குத் தெரியுமா? அடுத்த இடத்துல வடக்குத்துப் பொண்ணு ஒண்ணு இருக்கு. கன்று நடுற அம்மாவோட மக. அது போகட்டும்."

மகள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவர் அவள் தலையில் கைவைத்து, "உனக்கென்னட்டி, நாம எப்ப வேணும்னாலும் போகலாம்லா" என்றார். அவள் "சரிப்பா" என்றாள். அந்த 'சரி'யை அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். முகாமுக்குப் போகிறவர்களின் பைகளுக்கு அவளையே பெயர்ச் சீட்டு எழுதவைத்தார். எழுதிக் கொடுத்தாள்.

பஸ் கிளம்பிய மறுநாள் ஒரு பெண் எங்கள் வாசலுக்கு வந்து நின்றாள். கான்ட்ராக்டில் கன்று நடும் அம்மா. மேட்டில் பலமுறை பார்த்திருக்கிறேன்.

"எம் பொண்ணு பேரு இருக்குதுன்னு சொன்னாங்களேம்மா. துணியெல்லாம் மடிச்சி வச்சிக்கினு விடிகாலையிலேர்ந்து ரோட்டுல நின்னுகினு இருந்திச்சி. பஸ்ஸு நிக்காம பூடுச்சிங்க. வூட்டுல வந்து ஒரு வாய் சோறு துன்னல."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. ஷிப்ட் முடிந்து இவர் வந்ததும் கேட்டேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாகச் சொன்னார். கடைசிக் கூட்டத்தில் கமிட்டித் தலைவர், தன் அண்ணன் மகன் விடுமுறைக்குச் சென்னையிலிருந்து வந்திருக்கிறான் என்றாராம். காலியான இடம் அவனுக்குப் போய்விட்டது. அந்தப் பையன் மேட்டில் ஒருநாள்கூட ஏறியதில்லை.

"நீங்க என்ன சொன்னீங்க?"

"என்னத்தச் சொல்ல? மையத்துக்குக் கட்டடம் கேட்டு அவர்தான் மேல பேசிக்கிட்டிருக்காரு. இந்த நேரத்துல அவர்கூட மல்லுக்கு நிக்க முடியுமா?"

"அந்தம்மாகிட்ட நான் என்னன்னு சொல்ல?"

"அடுத்த வருஷம்னு சொல்லு."

மறுநாள் அந்த அம்மாவிடம் அடுத்த வருஷம் என்றுதான் சொன்னேன். நாங்கள்தான் அவள் மகளைத் தள்ளிவிட்டு எங்கள் ஆளை அனுப்பினோம் என்பதுபோல என்னைப் பார்த்தாள். இல்லை, என் பெண்ணும் வீட்டுக்குள்தான் இருக்கிறாள் என்று சொல்ல வாய்வரை வந்தது. சொன்னால் கணவரைக் காட்டிக்கொடுத்ததாகும் என்று விழுங்கிவிட்டேன். அவள் மகள் அப்புறம் மையத்துக்கு வரவில்லை. அடுத்த வருஷம் முகாமும் இல்லை.

என் மகளும் மையத்துக்குப் போகவில்லை. முதல் ஞாயிறு வயிற்றுவலி என்றாள், அடுத்தது பரீட்சை, அப்புறம் காரணம் சொல்லவே வேண்டியிருக்கவில்லை. அவர் கவனிக்க நாலைந்து மாதமாயிற்று. "பெரிய பொண்ணாயிட்டா, கூச்சப்படுறா" என்று தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்துக்கொண்டார்.

எண்பதுகளில் கட்டடம் வந்துவிட்டது. கான்கிரீட் கூரை, கண்ணாடி அலமாரிகள், சுவரெல்லாம் படங்கள். நான் எழுதிய தகரப் பலகைகளைக் கழற்றிவிட்டு எனக்கு வாசிக்க வராத லத்தீன் பெயர்களை மாட்டினார்கள். திறப்பு விழாவுக்கு நான் மட்டும் போனேன். மகள் அப்போது சிதம்பரத்தில் படித்துக்கொண்டிருந்தாள். விடுமுறைக்கு வந்திருந்தவள் தலைவலி என்று படுத்துக்கொண்டாள். மேடையில் கமிட்டித் தலைவர், "இந்த மையத்துக்காகச் சொந்தக் குடும்பத்தையே தியாகம் செய்தவர்" என்று என் கணவரைப் புகழ்ந்தார். எல்லோரும் கைதட்டினார்கள். இவர் கண் கலங்கினார். தியாகம் செய்தது யார், செய்யப்பட்டது யார் என்று யோசித்துக்கொண்டு நான் கையை மடியிலேயே வைத்திருந்தேன்.

ஒரு கண்ணாடி அலமாரிக்குள் மகளின் நோட்டு விரித்து வைக்கப்பட்டிருந்தது. பஞ்சுருட்டான் படம் உள்ள பக்கம். 'மையக் குழந்தைகளின் முயற்சி' என்று கீழே ஒரு சீட்டு. அவள் பெயர் இல்லை. அட்டையில் இருந்த பெயர் கண்ணாடிக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது.

வீட்டுக்கு வந்ததும் அவர் பொன்னாடையைக்கூடக் கழற்றாமல் அவள் முன்னால் உட்கார்ந்து விழாவை முழுக்க விவரித்தார். அவள் எழுந்து உட்கார்ந்து கேட்டாள். "எவ்வளவு கூட்டம்ப்பா? யார் யார் பேசினாங்க?" என்று இடையிடையே கேள்வியும் கேட்டாள், வந்திருக்கும் விருந்தாளியிடம் மரியாதைக்குக் கேட்பதுபோல. நோட்டைப் பற்றி அவர் சொன்னபோது மட்டும் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள்.

அவர் சமையலறைக்கு வந்து, "பாத்தியா, அவளுக்கு இன்னும் எவ்வளவு ஆர்வம்!" என்றார். அதே மூச்சில், "வர்ற ஞாயிறு அறுபது பேர். புளியோதரையோட தயிர்சாதமும் வச்சிடுறியா?"

"இனிமே நான் சமைக்கல" என்றேன்.

"ஏன், உடம்புக்கு முடியலயா?"

பதில் சொல்லத் தொடங்கினால் எட்டு வருஷத்தையும் சொல்ல வேண்டியிருக்கும். "ஆமா" என்றேன்.

அந்த வாரமே கேண்டீனில் சொல்லி ஏற்பாடு செய்துவிட்டார்கள். அறுபது பேரும் வயிறாரச் சாப்பிட்டார்களாம்.