மாப்பிள்ளையின் டோக்கனை விசாரித்த பெரியதம்பி

செஞ்சியைச் சுற்றி எந்த வீட்டில் பெண் எடுத்தார்கள், எந்த வீட்டில் கொடுத்தார்கள் என்று கேட்டால், பெரியதம்பி நின்ற இடத்திலேயே சொல்லிவிடுவார். முப்பத்திரண்டு வருஷம் தனியார் பஸ்ஸில் கண்டக்டர். யார் எங்கே ஏறி யார் வீட்டு விசேஷத்துக்கு இறங்குகிறார்கள் என்று பார்த்துப் பார்த்தே ஊர்ப்பட்ட உறவும் மனப்பாடம் ஆகிவிட்டது. அதனால் குடும்பத்தில் மாப்பிள்ளை விசாரிக்கிற வேலை அவர் தலையில் விழுந்தது. டீக்கடையில் ஒரு டீ, சலூனில் ஒரு ஷேவிங், ரேஷன் கடை வாசலில் அரை மணி நேரம். பையனின் குடி, கடன், முன்கோபம் எல்லாம் தானாக வெளியே வந்துவிடும். இப்படிப் பதினோரு பேரை விசாரித்திருக்கிறார்.

பன்னிரண்டாவது ஆள் மண்டகப்பட்டு எழில். அக்கா மீனம்பாளின் மகள் வெண்மதிக்குப் பார்த்த பையன். பெங்களூரில் வேலை. சிகரெட்கூடக் கிடையாது என்று ஊரே சொன்னது. ஆனால் நிலம் நீச்சு எதுவும் இல்லை. அதற்குப் பதிலாகக் கையில் டோக்கன் இருக்கிறது, முப்பது லட்சம் பெறும், அதை விற்று வீடு கட்டுவேன் என்று பையன் சொல்லியிருந்தான். வெள்ளிக்கிழமை நிச்சயதார்த்தம். அதற்குள் பெரியதம்பி சரி என்றோ வேண்டாம் என்றோ வாய் திறந்தாக வேண்டும்.

டோக்கன் என்றால் பொங்கல் தொகுப்புக்குக் கொடுப்பதுதான் அவருக்குத் தெரியும்.

"அத யாரு பாப்பா முப்பது லட்சத்துக்கு வாங்குவான்?"

வெண்மதிக்குச் சிரிப்பு. சென்னைக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டிலிருந்தே கம்ப்யூட்டரில் புள்ளிவிவரம் எடுத்துக் கொடுக்கிறவள் அவள்.

"இது வேற மாமா. கம்ப்யூட்டர்லயே இருக்கிற காசு. யாரு வித்தாங்க, யாரு வாங்குனாங்கன்னு பொதுவா ஒரு கணக்குல ஏறிடும். ஒருத்தரும் அழிக்க முடியாது. நாம கேள்வி எழுதிப் போட்டா எடுத்துக் குடுக்கும்."

அழிக்க முடியாத கணக்கு என்றதும் அவருக்குத் தெம்பு வந்தது. வில்லங்கம் போட்டுப் பார்க்கிற மாதிரிதானே என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அவள் கேள்வியை எழுதினாள். திரை நிறைய வரிகள் வந்து விழுந்தன. எழில் கொடுத்திருந்த கணக்கு எண்ணுக்கு நேரே வந்த வரியைப் பார்த்துவிட்டுப் பெரியதம்பி எழுந்தே நின்றுவிட்டார்.

"இன்னாடி இது, இத்தினி சைபரு! செஞ்சிக் கோட்டையே வாங்கலாம் போல இருக்குது!"

"உக்காருங்க மாமா. பதினெட்டு சைபர கழிக்கணும். அது அப்படித்தான் எழுதும்."

ஏன் எழுதிவிட்டுக் கழிக்க வேண்டும் என்று அவருக்குப் புரியவில்லை. அதைவிடப் பெரிய குழப்பம், ஆள் பெயர் எங்கேயும் இல்லை. பெயர் வரவேண்டிய இடத்தில் எழுத்தும் எண்ணுமாக முழ நீளத்துக்கு ஒன்று. அப்பன் பெயர் கிடையாது, ஊர் கிடையாது. எந்த டீக்கடையில் போய் விசாரிப்பது? கடைசியில் ஒவ்வொரு எண்ணுக்கும் அவரே பெயர் வைத்தார். காலையில் வாங்கி மாலையில் திருப்பித் தருகிறதற்கு, ஜவுளிக்கடையில் அப்படிச் செய்யும் விருத்தாம்பாள் சின்னம்மா பெயர். அவசரப்பட்டு விற்கிறதற்கு ஜெயராமன் சித்தப்பா. எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டே வந்தார்.

தண்ணீர் கொண்டுவந்த மீனம்பாள் நோட்டை எட்டிப் பார்த்தாள்.

"இன்னாடா தம்பி, சின்னம்மா ஒரே நாள்ல நாப்பது தடவ வித்தாங்களா? இன்னாத்த வித்தாங்க?"

"நீ போக்கா, இது வேற சின்னம்மா."

"எனக்குத் தெரியாம எவ அது?"

அவளை அனுப்பிவிட்டு மறுபடி பார்த்தார். ஒரு மாதத்தில் நாலாயிரத்துச் சொச்சம் வியாபாரம். ஆனால் சின்னம்மா விற்றதும் சித்தப்பா வாங்குகிறார், சித்தப்பா விற்றதும் சின்னம்மா வாங்குகிறாள். இருபத்தாறு பெயர்களே திரும்பத் திரும்ப வந்தன.

"இவங்க எந்த வூட்டு ஆளுங்க பாப்பா? இவங்களுக்கு மொதமொதல்ல காசு குடுத்தனுப்புனது யாருன்னு கேக்க முடியுமா?"

வெண்மதி அவரை ஒரு மாதிரி பார்த்தாள். பிறகு கேள்வியை மாற்றி எழுதினாள். இருபத்தாறுக்கும் நேராக ஒரே எண் வந்து நின்றது.

"ஒரே ஆளு மாமா. அவனே வித்து அவனே வாங்குறான். வெல ஏறுன மாதிரி காட்டத்தான்."

"அந்த ஆளு நம்ம எழிலா?"

அதைத்தான் அவளும் தேடினாள். எழில் கொடுத்திருந்த எண் அந்த இருபத்தாறில் இல்லை. ஒன்பது முறை வாங்கியிருந்தான். ஒருமுறைகூட விற்றதில்லை.

திருடனா, ஏமாந்தவனா, தெரிந்தே நம்மிடம் மறைக்கிறானா? பதினோரு மாப்பிள்ளைகளில் இப்படி ஒரு சந்தேகம் அவருக்கு வந்ததில்லை. மறுநாள், லீவில் வந்திருந்த பையனை நேரிலேயே பார்க்க மண்டகப்பட்டுக்கு பஸ் ஏறினார்.

"தம்பி, எல்லாத்தையும் இப்பவே வித்தா எவ்ளோ வரும்? விக்க வேணாம், போட்டுப் பாரு."

"முப்பது லட்சம் மாமா. தெனம் வெலயப் பாத்துட்டுத்தான் இருக்கேன்."

சிரித்துக்கொண்டே போனில் தட்டினான். திரையில் வந்தது பதினோராயிரத்து அறுநூற்று நாற்பது ரூபாய். நெட் சரியில்லை என்று வாசலுக்குப் போய்த் தட்டினான். அதேதான். விலை ஏறியிருந்தது, நிஜமாக வாங்கத்தான் ஆள் இல்லை. காது வரை சிவந்துபோய் அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டான். எத்தனையோ மாப்பிள்ளைகளின் நடிப்பைப் பார்த்தவர் பெரியதம்பி. இது நடிப்பு இல்லை.

அந்த நேரம் பார்த்துப் பையனின் அம்மா இலை போட்டுக் கூப்பிட்டாள். சம்பந்தம் பிடித்திருந்தால்தான் பெண் வீட்டார் கை நனைப்பார்கள். கை நனைத்துவிட்டால் சரி என்று சொன்னதாகிவிடும். அவர் தோட்டத்துப் பக்கம் போய் வெண்மதிக்கு போன் போட்டார்.

"பாப்பா, பையன் பொய் சொல்லல. ஆனா முப்பது லட்சமும் இல்ல. நான் இன்னா சொல்லட்டும்?"

வெண்மதி திருப்பிக் கேட்டாள்.

"அவரு இன்னா பண்றாரு?"

"பேயறைஞ்ச மாதிரி நிக்கறான்."

"சாப்டுங்க மாமா. அவரையும் பக்கத்துல உக்கார வைங்க."

எழிலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இலை முன் உட்கார்ந்து, சாம்பாரை ஊற்றிப் பிசைந்த பிறகும் அவருக்குத் தீரவில்லை.

"அந்த முப்பது லட்சம் எங்கதான்பா போச்சு?"

"எங்கயும் போவல போலிருக்குது மாமா. எப்பவுமே இருந்ததில்ல."

இல்லாத பணத்துக்கு எதற்கு அத்தனை சைபர் என்று யோசித்தபடியே பெரியதம்பி முதல் கவளத்தை வாயில் வைத்தார்.