நீலம் வந்தால் சோறு

அம்மாவுக்குச் சர்க்கரை வியாதி என்று தெரிந்தபோது நான் ராயபுரத்தில் டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தேன். அறுபதுகளின் கடைசி. அப்பா துறைமுகத்தில் கிளார்க். அதுவரை அம்மாவைத் திட்ட அவர் காரணம் தேடவேண்டியிருந்தது. சில நாள் கிடைக்காது. வியாதி வந்த பிறகு அந்தக் கஷ்டம் தீர்ந்தது.

அவர் ஆபீஸில் ஒரு டாக்டர் வந்து பேசினாராம். சாப்பாட்டையும் சர்க்கரை வியாதியையும் பற்றி வருஷக்கணக்காக ஆராய்ச்சி செய்தவர், வெளிநாட்டுப் பத்திரிகைகளில் எழுதியவர். தமிழிலும் ஒரு சின்னப் புத்தகம் போட்டிருந்தார். அரிசியைக் குறை, கேழ்வரகும் கீரையும் சேர்த்துக்கொள் என்பதுதான் சாரம். அப்பா அதை வாங்கிவந்து ஜெபப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்தார்.

காலையில் அம்மாவின் மூத்திரத்தைச் சொட்டுச் சொட்டாக நீலத் தண்ணீரில் விட்டு, கண்ணாடிக் குழாயை ஸ்பிரிட் விளக்கில் காட்டுவார். நீலமாகவே இருந்தால் சர்க்கரை இல்லை. செங்கல் நிறம் வந்தால் நிறைய. நீலம் வந்த அன்று மத்தியானம் ஒரு கரண்டி சோறு உண்டு. செங்கல் வந்தால் வெறும் கீரை. அன்றைக்குக் குழாயோடு வாசலுக்கு வருவார். தெருக்குழாயடியில் தண்ணீருக்கு நிற்கும் பெண்களிடம் தூக்கிக் காட்டுவார்.

"பாருங்க, திருட்டுத்தனமா துன்னுகீறா."

அவர்கள் சிரிப்பார்கள். "இன்னா அக்கறையா பாத்துக்கிறாரு! எங்க வூட்டு ஆளுக்கு நான் உசுரோட கீறனான்னே தெரியாது."

அவர் வஞ்சிரம் வறுவலோடு குவித்துப் போட்டுக்கொண்டு சாப்பிடும்போது அம்மா எதிரே உட்கார்ந்திருக்க வேண்டும். மனசு அடங்கப் பழகவேண்டுமாம். அது புத்தகத்தில் இல்லை. நான் தேடிப் பார்த்தேன்.

சித்தி வீட்டில் ஞானஸ்நான விருந்து. பெண்கள் பந்தியில் அம்மாவின் இலையில் சித்தி பிரியாணி வைத்தாள். அம்மா கை வைப்பதற்குள் ஆண்கள் பந்தியிலிருந்து அப்பா எழுந்து வந்தார். குனிந்து, இலையைச் சோற்றோடு மடித்தார்.

"புள்ளைக்கு ஞானஸ்நானம் போடற அன்னிக்கே இவளுக்கு எழவு எடுக்கணுமா?" என்று எல்லோரையும் பார்த்துக் கேட்டார். நாலு பேர் சிரித்தார்கள். அம்மாவின் கையில் ஒன்றும் ஒட்டியிருக்கவில்லை. ஆனாலும் போய்க் கழுவிக்கொண்டு வந்தாள்.

புத்தகம் எழுதிய அந்த டாக்டரே சொன்னால் அப்பா கேட்பார் என்று நினைத்தேன். அவருடைய ஆஸ்பத்திரிக்கு நானும் கூடப் போனேன். டாக்டர் சாந்தமான மனிதர். அம்மாவின் எடை குறைந்திருந்தது, சர்க்கரையும் இறங்கியிருந்தது. அப்பா குழாய், நிறம், கரண்டி எல்லாவற்றையும் விவரித்தார். டாக்டருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"சார், அம்மா பசியில தூங்கறதே இல்ல," என்றேன்.

"பழகிடும்மா. உங்கப்பா மாதிரி ஒருத்தர் கிடைக்கறது அபூர்வம்." பிறகு அம்மாவிடம் கேட்டார்: "என்ன சாப்பிடறீங்க?"

"அவரு குடுக்கறதுங்க."

டாக்டர் அதை எழுதிக்கொண்டார். புத்தகத்தின் அடுத்த பதிப்பில் 'வடசென்னையில் ஓர் உத்தமக் கணவர்' என்று அரைப்பக்கம் வந்தது. அப்பா சொந்தக்காரர்களுக்கெல்லாம் வாங்கிக் கொடுத்தார். வாசித்துக் காட்டும்போது அம்மாவையும் நிற்கவைத்தார். அதில் அம்மாவுக்கு 'நோயாளி' என்று பெயர்.

சில வருஷம் கழித்து ஒருநாள் ஆபீஸில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த அப்பா, ஆஸ்பத்திரி போவதற்குள் போய்விட்டார். அடக்கம் முடிந்து வந்த சாயங்காலம் உறவுக்காரர்கள் கொண்டுவந்த சோற்றை அம்மா கேட்டுக் கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். யாரும் தடுக்கவில்லை. நீலத் தண்ணீர் பாட்டிலைச் சாக்கடையில் கவிழ்த்தாள்.

நான் அப்போது திருவொற்றியூரில் ஒரு கம்பெனியில் டைப்பிஸ்ட். வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டதையெல்லாம் சமைத்தேன். நெத்திலிக் குழம்பு, இறால் தொக்கு, ஞாயிற்றுக்கிழமை பாயசம். அம்மாவுக்குக் கன்னத்தில் சதை வைத்தது. குழாயடிக்குப் போய் வம்பு பேசினாள். அவள் சிரித்தால் தெருமுனை வரை கேட்கும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

பிறகு காலில் ஆணி குத்திய புண் ஆறவில்லை. முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள்.

வார்டுக்கு அதே டாக்டர் மாணவர்களோடு வந்தார். அம்மாவை அடையாளம் கண்டுகொண்டார். "வீட்டுக்காரர் வரலியா?"

"செத்துட்டாருங்க."

"இப்ப சமையல் யாரு?"

"நான்தான் சார்," என்றேன். அவர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு மாணவர்களிடம் இங்கிலீஷில் பேசினார். கணவர் இருந்தவரை கால் இருந்தது, பாசம் வந்தது, கால் போயிற்று என்று சொன்னார். எனக்குப் புரியாது என்று நினைத்திருப்பார். மாணவர்கள் எழுதிக்கொண்டார்கள். அவர் சொன்னதில் தப்பில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

வீட்டுக்கு வந்த பிறகு நான் அளந்து போட ஆரம்பித்தேன். ஒரு கரண்டி சோறு, கீரை, கேழ்வரகுக் களி. அம்மா கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள். நான் மசியவில்லை. ஒரு மத்தியானம் தட்டையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"உங்கப்பனே தேவல. அந்தாளுக்கு என்னைக் கண்டா ஆவாது. உனக்கு இன்னாடி வந்துது?"

இன்னொரு கரண்டி சோறு போட்டேன். அவள் தட்டைத் தள்ளிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். அதற்குப் பிறகு அவள் எதையும் கேட்கவில்லை. கொடுத்ததைத் தின்றாள், வெறித்துக்கொண்டு கிடந்தாள். அந்த மழைக்காலத்தில், நான் பஸ்ஸுக்குக் கிளம்பிக்கொண்டிருந்த ஒரு காலையில், கூப்பிட்டுப் பார்த்தேன். தொட்டேன், உடம்பு சில்லிட்டிருந்தது.