கண்ணாடியில் பார்த்தால் கணக்கில் சேருமா?

போன சனிக்கிழமை அலோர் ஸ்டார் டவுனில் ஒரு படம் பார்த்தேன். படத்தின் பெயர் வேண்டாம். தயாரிப்பாளர் எனக்கு டிக்கெட் எடுத்துத் தரவில்லை. நான் ஏன் அவருக்கு ஓசியில் விளம்பரம் செய்ய வேண்டும்?

போஸ்டரில் ஒரு கார், ஒரு தாடிக்காரன், பின்னால் நெருப்பு. ரேஸ் படம் என்று நம்பி, குணா மச்சானையும் பெரியம்மாவையும் அழைத்துப் போனேன்.

குணா மச்சான் என் அக்காவின் கணவர். ஜித்ராவில் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறார். அக்கா போன வருடம் தவறிவிட்டாள். பெரியம்மா, என் அம்மாவுக்கு மூத்தவர். புக்கிட் செலம்பாவிலிருந்து மச்சான் வீட்டுக்கு வந்திருந்தார். எதற்கு வந்திருந்தார் என்பதில்தான் வில்லங்கமே.

அக்காவின் காரியம் முடிந்து மின்சுடலையை விட்டுக் கிளம்பும்போது, முன்னால் நின்று எல்லாம் செய்து வைத்தவர், "திரும்பிப் பாக்காம போங்க" என்றார். நமக்குத் தெரிந்த விதிதான். திரும்பிப் பார்த்தால், போகிற உயிர் போகாமல் நம் பின்னாலேயே வீட்டுக்கு வந்துவிடுமாம்.

மச்சான் கழுத்தைத் துளிகூடத் திருப்பவில்லை. நேராக வந்து காரில் உட்கார்ந்தார். அன்றைக்கும் அவர்தான் ஓட்டினார் — மற்றவர் ஓட்டும் காரில் உட்கார்ந்தால் அவர் கால் தானாகவே பிரேக்கைத் தேடும். சாவியைத் திருகினார். நடுக் கண்ணாடியைச் சரி செய்தார். பார்த்தார்.

கண்ணாடியில் சுடலையின் புகைபோக்கி. பின் சீட்டில் பெரியம்மா.

"ஐயோ... பாத்துட்டாரு!"

அன்று தொடங்கியது குடும்பப் பட்டிமன்றம். கண்ணாடியில் பார்ப்பது திரும்பிப் பார்ப்பதில் சேருமா, சேராதா? கழுத்து திரும்பவில்லை, ஆகவே குற்றமில்லை என்று சித்தப்பா தீர்ப்புச் சொன்னார். பெரியம்மா அதை ஏற்கவில்லை. மச்சானிடம் ஒரே பதில்தான்.

"பழக்கம் லா. செர்மின் டுலு!"

முதலில் கண்ணாடியைப் பார் — கற்றுக்கொள்ள வருகிறவர்களிடம் நாள் முழுக்க அவர் மலாயில் கத்துவது அதைத்தான்.

பெரியம்மா விடுகிற ஆளா? மச்சான் வீட்டில் குழாய் ஒழுகினால் அக்கா. ஃபேன் கிறீச்சிட்டால் அக்கா. அடுப்பில் பால் பொங்கி வழிந்தாலும் அக்கா. "அவ போகல. வீட்டுக்குள்ளயே சுத்துறா" என்று சொந்தம் முழுக்க போன் போட்டுச் சொன்னார். ஒரு சாந்தி பூஜை செய்து அவளை முறையாக அனுப்பி வைக்க வேண்டும், மச்சான்தான் உட்கார்ந்து செய்ய வேண்டும் என்றார். மச்சான் சாக்கு மேல் சாக்கு சொல்லித் தள்ளிப் போட்டார். கடைசியில் பூசாரியிடம் நாள் குறித்துவிட்டு, பெரியம்மா துணிப்பையோடு வந்து இறங்கிவிட்டார்.

பூஜை ஞாயிற்றுக்கிழமை. சனிக்கிழமை வரை இருவரும் முகம் கொடுத்துப் பேசவில்லை. சமாதானத் தூதுவனாக நான் மெர்கோங் வீட்டிலிருந்து கிளம்பிப் போய், சினிமாவுக்குக் கூப்பிட்டேன். என் புத்தியை என்ன சொல்ல?

படம் தொடங்கிய கொஞ்ச நேரத்தில் எனக்கு உறைத்தது. ரேஸாவது ஒன்றாவது... இது கிரேக்கப் புராணம்! ஓர்ஃபியஸ் என்ற பாடகன், செத்துப்போன தன் மனைவி யூரிடிசியை மீட்டு வரப் பாதாளத்துக்குப் போகும் கதை.

அதை இந்தக் காலத்துக்கு இழுத்து வந்திருந்தார்கள். நாயகன் வாடகைக் கார் ஓட்டுகிறான். பாதாளம் என்பது ஒரு கட்டடத்துக்கு அடியில் மாடி மாடியாக இறங்கும் கார் பார்க்கிங். வாசலைக் காக்கும் மூன்று தலை நாய்க்குப் பதில் மூன்று பக்கமும் முறைக்கும் சிசிடிவி. பாதாள ஆற்றின் ஓடக்காரனுக்குப் பதில் காசு விழுங்கும் பார்க்கிங் மெஷின். எமன், கோட்டு போட்ட பார்க்கிங் முதலாளி. எல்லாம் குறியீடாம்! பேரங்காடியில் பார்க்கிங் தேடிச் சுற்றிய எவனுக்கும் அது பாதாளம் என்று தெரியும். அதற்குக் கிரீஸ் வரை போக வேண்டுமா?

பெரியம்மாவின் காதில் நான் கதை சொல்லிக்கொண்டே வந்தேன்.

"அந்தக் காலத்துல அவங்க, செத்தவங்க வாயில காசு வச்சு அனுப்புவாங்களாம் பெரியம்மா. ஓடக்காரனுக்குக் குடுக்க."

"நாம நெத்தியில வைக்கிறோம்ல? நம்ம ஆளுங்கதான்டா!"

ஒரே நொடியில் கிரேக்கர்கள் அனைவரும் எங்களுக்குச் சொந்தக்காரர்கள் ஆனார்கள்.

பாதாளத்தில் எதையாவது தின்றுவிட்டால் ஊர் திரும்ப முடியாது என்றும் அந்தப் புராணத்தில் உண்டு. நாங்கள் அப்போது இரண்டாவது பாப்கார்னைத் திறந்திருந்தோம்.

பிறகு முதலாளி நிபந்தனை போட்டார். மனைவி பின் சீட்டில் வருவாள். வெளியே போய்ச் சேரும்வரை நீ பின்னால் பார்க்கக் கூடாது...

பெரியம்மா மெல்லுவதை நிறுத்தினார். மச்சான் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"பின்னாடி பாக்காம எப்படி லா வண்டிய எடுப்பான்?" என்றார், மெதுவாக.

கார் சுற்றிச் சுற்றி மேலே ஏறியது. பின் சீட்டில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. கடைசித் தடுப்பு உயர்ந்தது. வெளியே வெயில். நாயகனின் கை தானாக மேலே போய்... நடுக் கண்ணாடியைத் திருப்பியது.

பின் சீட் காலி.

"பாத்தியா! கண்ணாடியில பாத்தாலும் கணக்குதான்!"

பெரியம்மாவின் குரல் தியேட்டர் முழுக்கக் கேட்டது. முன் வரிசைப் பெண் திரும்பி உஷ் என்றாள். மச்சான் எழுந்து விறுவிறுவென்று வெளியே போய்விட்டார்.

பின்னாலேயே ஓடினேன். காரில் உட்கார்ந்து ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தார்.

"மச்சான், சினிமா லா அது. விடுங்க."

"அதுக்கில்ல லா. அவன் பாத்தான், பொண்டாட்டி போயிட்டா. நம்ம வழக்கத்துல பாத்தா கூடவே வந்துருவாங்கன்னுதான சொல்றாங்க?"

"ஆமா..."

"பழக்கம்னு சொன்னது பொய். தெரிஞ்சுதான் பாத்தேன். வர்றதா இருந்தா வரட்டுமேன்னு... இப்ப என்னையே உக்கார வச்சு அவள அனுப்பச் சொல்றீங்க. எப்படி லா முடியும் என்னால?"

வாராவாரம் இந்தப் பத்தியில் உங்களிடம் வாய் ஓயாமல் பேசுகிறவன், கார் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் எனக்கும் அக்காதான். அன்றைக்கு நான் விதிப்படி திரும்பாமல் வந்தேன், நல்ல பிள்ளையாக. இவர் பார்த்திருக்கிறார். எனக்கு அழுகை வந்தது. கொஞ்சம் பொறாமையும் வந்தது.

கிரேக்கனுக்கும் நமக்கும் சட்டம் ஒன்றுதான். விளைவுதான் நேர் எதிர். அங்கே பார்த்தால் போய்விடுவார்கள், இங்கே பார்த்தால் வந்துவிடுவார்கள். குறியீடு, படிமம் என்று பக்கம் பக்கமாக எழுதும் விமர்சகர்களே, இது ஏன் உங்களுக்குத் தோன்றவில்லை?

திரும்பினால் பெரியம்மா நின்றார், கையில் மீதிப் பாப்கார்னோடு. எல்லாம் கேட்டுவிட்டார் என்று முகமே சொன்னது.

"பூசாரிக்கு போன் போடு. நாளைக்கு வேணாம்னு சொல்லு."

"ஏன்னு கேட்டா?"

"எனக்கு முட்டி வலின்னு சொல்லேன்டா!"

வரும்போது முன் சீட்டில் ஜம்மென்று உட்கார்ந்து வந்தவர் அவர்தான். இப்போதும் முன் கதவைத் திறந்தார். என்ன நினைத்தாரோ, மூடிவிட்டு, முனகிக்கொண்டே என்னோடு பின்னால் ஏறினார். அக்கா உட்கார்ந்து வரும் முன் சீட் காலியாகவே இருந்தது. மச்சான் சாவியைத் திருகினார். கண்ணாடியை நோக்கிப் போன கை, பாதியில் நின்றது.

பெரியம்மா முன்னால் எட்டி அவர் தோளைத் தட்டினார்.

"என்னா மாப்ள யோசிச்சுக்கிட்டு... செர்மின் டுலு லா!"