கஸ்டமர் வீட்டில் தண்ணீர் குடிக்கக் கூடாது

வேலையில் சேர்ந்த முதல் நாளே எனக்குச் சொல்லிக்கொடுத்த சட்டம் இது: கஸ்டமர் வீட்டில் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது. நாங்கள் விற்றது தண்ணீர் சுத்தம் செய்யும் மெஷின். உங்கள் வீட்டுக் குழாய்த் தண்ணீர் மோசம் என்று அரை மணி நேரம் பேசிவிட்டு, அதே தண்ணீரை மடக் மடக்கென்று குடித்தால் யார் வாங்குவார்கள்? நியாயம்தான். அதனால் ஈப்போ வெயிலில் வீடு வீடாக ஏறி இறங்கும்போது ஆளுக்கொரு தண்ணீர்ப் போத்தலைத் தோளில் மாட்டிக்கொண்டு திரிந்தோம், பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி.

அப்போது எனக்கு நாற்பத்திரண்டு வயது. அதற்கு முன் பதினோரு வருஷம் கையுறைத் தொழிற்சாலையில் நின்றுகொண்டே வேலை பார்த்து வலது முட்டி தேய்ந்து போயிருந்தது. உட்கார்ந்து பேசுகிற வேலை ஒன்று இருக்கிறது, பேச உனக்குச் சொல்லியா தரவேண்டும் என்று ஒரு தோழி கேட்டாள். கேட்டது சரிதான். வாயால் கெட்டவள் என்று வீட்டில் எனக்கு ஏற்கெனவே பெயர். வாயால் பிழைக்கலாம் என்று யாரும் அதுவரை சொன்னதில்லை.

ஆபீஸ் ஒரு கடைவீட்டின் மேல்மாடியில் இருந்தது. கீழே ஒரு மாமாக் கடை, பாய் ஒருவர் நடத்தும் ரொட்டி, டீக் கடை. காலை எட்டரைக்கு நாங்கள் வட்டமாக நிற்க வேண்டும். எங்கள் லீடருக்கு இருபத்தாறு வயது. கூர்மூக்குச் சப்பாத்து, கழுத்தை நெரிக்கிற டை. அவன் நடுவில் நின்று, "ஆர் யூ ஹங்ரி?" என்று கத்துவான். நாங்கள் "ஹங்ரி!" என்று திருப்பிக் கத்திக் கைதட்ட வேண்டும். நான் அப்போதுதான் கீழே இரண்டு ரொட்டி சானாய் சாப்பிட்டுவிட்டு மூச்சு வாங்க மாடியேறி வந்திருப்பேன். என் அம்மாவும் ரப்பர் தோட்டத்தில் விடியற்காலை பெரட்டுக்கு வரிசையில் நின்றவள்தான். தண்டல் என்கிற மேஸ்திரி பெயர் கூப்பிட்டால் அங்கே வந்து நின்றிருந்தால் போதும். பால் வெட்டப் போகும் முன் பசிக்கிறது என்று கத்தச் சொல்லி யாரும் அவளைக் கைதட்ட வைத்ததில்லை.

சுவரில் ஒரு வெள்ளைப் பலகை. ஒரு மெஷின் விற்றால் பெயருக்கு எதிரே ஒரு நட்சத்திரம் போட்டு மணி அடிப்பார்கள். கோயில் மணிதான், கோயிலுக்கு வாங்கியதை யாரோ இங்கே மாட்டிவிட்டார்கள் என்று நினைக்கிறேன். கடைசிப் பெயருக்குப் பக்கத்தில் ஓர் அழும் முகம் வரைவான் லீடர். முதல் மாதம் முழுக்க அந்த முகம் எனக்குத்தான். பார்க்கப் பார்க்க அதற்கு என் சாயல் வந்துவிட்டது.

"அக்கா, கஸ்டமர் முதல் தடவ வேணாம்னா அது குட் மார்னிங்," என்று பாடம் எடுத்தான் லீடர். "ரெண்டாவது தடவ வேணாம்னா, இன்னும் கொஞ்சம் சொல்லுன்னு அர்த்தம். மூணாவது தடவ வேணாம்னா, பேனா எங்கன்னு கேக்குறாரு."

"நாலாவது தடவ சொன்னா, தம்பி?"

"நாலு வரைக்கும் போகக் கூடாதுலா அக்கா."

எங்கள் பிரம்மாஸ்திரம் ஒரு சின்னப் பெட்டி. அதிலிருந்து இரண்டு ஜோடி உலோகக் கம்பிகள் நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு கிளாஸில் கஸ்டமர் வீட்டுத் தண்ணீர், பக்கத்தில் இன்னொரு கிளாஸில் எங்கள் மெஷின் தண்ணீர். இரண்டிலும் கம்பியை விட்டு சுவிட்சைப் போட்டால், ஒரு நிமிஷத்தில் அவர்கள் தண்ணீர் மட்டும் பழுப்பாகி, செதில் செதிலாக அழுக்கு மிதக்கும். நம்முடையது பளிங்கு மாதிரி நிற்கும். "அலாமாக்!" என்று வீட்டுக்காரர்கள் வாயில் கை வைப்பார்கள். அந்த நேரத்தில் நாம் பேசக் கூடாது. முதலில் வாயைத் திறப்பவன் தோற்றான் என்பது அடுத்த சட்டம்.

கீழே மாமாக் கடைப் பாயிடம் இந்த வித்தையைக் காட்டினேன். அவர் பழுப்புத் தண்ணீரை நிதானமாகப் பார்த்தார். "தங்கச்சி, தண்ணிய எனக்கே விக்கிறியா? நான் இருபது வருசமா இதே தண்ணிய டீன்னு சொல்லி வித்துக்கிட்டு இருக்கேன்" என்றார். பிறகு அந்தக் கிளாஸைக் கழுவி, அதிலேயே எனக்கு ஒரு டீ கொடுத்தார்.

தெரிந்தவர்கள் நூறு பேரின் பெயரை எழுதச் சொல்லியிருந்தார்கள். அங்கேதான் விற்பனையைத் தொடங்க வேண்டுமாம். எழுதினேன். இரண்டாம் மாதம் முடிவதற்குள் அந்த நூறு பேரும் என் போனை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள். பாரிட் புந்தாரில் இருக்கும் பெரியப்பா மகன், "நாங்க வயல் தண்ணியிலயே வளந்தவங்க, எங்களுக்கு ஒண்ணும் ஆவாது" என்று சொல்லிப் போனை வைத்தவன்தான், இன்று வரை பேச்சில்லை. ஒரு கல்யாண மண்டபத்தில் நான் போய்ப் பந்தியில் உட்கார்ந்ததும் இரண்டு பக்கமும் இலைகள் காலியாயின. பாயசம் மட்டும் எனக்கு நிறையக் கிடைத்தது.

அந்த இரண்டாம் மாதத்தில்தான் ஒன்று நடந்தது. கை பழக வேண்டுமென்று வீட்டு அடுக்களையில் பெட்டியை வைத்துச் சோதித்துக்கொண்டிருந்தேன். கடையில் வாங்கிய மினரல் வாட்டர் போத்தல் ஒன்று இருந்தது. அதில் கம்பியை விட்டேன். அதுவும் பழுப்பானது. சந்தேகம் வந்து, எங்கள் மெஷின் தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கம்பியை விட்டுப் பார்த்தேன். பளிங்குத் தண்ணீர் சாக்கடையாகிவிட்டது. உப்போ தாதுவோ கலந்த தண்ணீரில் மின்சாரம் ஓடும், கம்பியில் இருக்கிற இரும்பு கரையும், அவ்வளவுதான். தண்ணீர் நல்லதா கெட்டதா என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

மறுநாள் லீடரிடம் கேட்டேன். "அக்கா, கஸ்டமர் என்ன சைன்ஸ் பரீட்சையா எழுதப் போறாங்க?" என்றான். நானும் வாயை மூடிக்கொண்டேன். அதன் பிறகு ஏழு மெஷின் விற்றேன். இதை இப்போது எழுதும்போது கூசுகிறது, அப்போது அவ்வளவாகக் கூசவில்லை. மூன்றாம் மாதத்தில் மட்டும் ஆறு விற்றால் வேலை நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடி தொழிற்சாலை, மறுபடி பன்னிரண்டு மணி நேரம் நிற்பது. முட்டி வலிக்கிறவளுக்கு மனசாட்சி கொஞ்சம் தாமதமாகத்தான் வலிக்கும்.

மாதத்தின் கடைசி வாரம் ஐந்தில் நின்றேன். ஒன்று குறைந்தது. வேனில் போகும்போது லீடர் பெருமூச்சு விட்டான். "எல்லாரும் உசாராயிட்டாங்கக்கா. கதவையே தொறக்க மாட்றாங்க."

அப்போதுதான் என் வாய் என்னைக் கேட்காமல் திறந்தது. "எங்க எஸ்டேட்டுல அப்படி இல்ல தம்பி. வீடு தேடி வந்தவங்கள வேணாம்னு யாரும் சொல்ல மாட்டாங்க."

பெருமையாகத்தான் சொன்னேன். அவன் வேனை ஓரம் கட்டி நிறுத்திவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தக் கண்ணைப் பார்த்ததும், நாக்கைக் கடித்துக்கொள்ளலாம் போலிருந்தது.

சனிக்கிழமை காலை சுங்காய் தாண்டி எங்கள் எஸ்டேட்டுக்குப் போனோம். நான் பிறந்தபோது ரப்பராக இருந்த இடம் இப்போது முழுக்க எண்ணெய் எடுக்கும் செம்பனை. தொழிலாளர்கள் குடியிருந்த பழைய லயத்தை இடித்து வரிசையாகச் சின்ன வீடுகள் கட்டியிருந்தார்கள். பழைய குடும்பங்கள் ஏழெட்டுதான் மிச்சம். கடைசி வீட்டில் இருந்த அக்கா லயத்தில் எங்களுக்குப் பக்கத்து வீடு. பள்ளிக்குப் போகும்போது எனக்குத் தலை பின்னி விட்டவள். அவள் கணவர் எஸ்டேட் லோரி ஓட்டியவர். கிட்னி பழுதாகி, மூன்று வருஷம் வாரத்தில் மூன்று நாள் தெலுக் இந்தானுக்கு டயாலிசிஸ் போய் வந்து, போன வருஷம் இறந்துவிட்டார். அக்காதான் ஒவ்வொரு முறையும் கூடப் போய் வந்தவள். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும்தான் பெட்டியை எடுத்துக்கொண்டு போனேன்.

"அடியே! வா வா, உள்ள வா. வெயில்ல முகமெல்லாம் கறுத்துப் போச்சுலா" என்று இழுத்து உட்கார வைத்தாள். உட்காரும் முன்பே இரண்டு கிளாஸ் தண்ணீர் வந்துவிட்டது. லீடர் சட்டத்தை மீறாமல், "நான் சனிக்கிழம விரதம்க்கா" என்று ஒரு போடு போட்டான்.

"விரதத்துக்குத் தண்ணி குடிக்கலாம்லா தம்பி. எந்தச் சாமி வேணாம்னு சொல்லிச்சு?"

அவன் டையைத் தளர்த்திக்கொண்டான். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு, எனக்குக் கொடுத்த கிளாஸைக் குடிக்காமல் மேசை மேல் வைத்தேன். பக்கத்தில் எங்கள் தண்ணீரை ஊற்றினேன். கம்பியை விட்டு சுவிட்சைப் போட்டேன்.

அவள் எனக்குக் குடிக்கக் கொடுத்த தண்ணீர் பழுப்பானது. செதில்கள் மிதந்தன. சட்டப்படி நானும் லீடரும் வாய் திறக்கவில்லை.

அக்கா "அலாமாக்" என்று சொல்லவில்லை. கிளாஸைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தாள். கீழே வைத்தாள். சுவரில் மாலை போட்டிருந்த படத்தைப் பார்த்தாள்.

"இந்தத் தண்ணியதான் அவருக்கு நெதம் குடுத்தேன்" என்றாள். "மருந்து முழுங்கவும் இதத்தான் குடுத்தேன். அப்ப நான்தானா?"

லீடர் மெதுவான குரலில், "இனிமேலாச்சும் நல்ல தண்ணி குடிக்கணும்க்கா" என்று ஆர்டர் பாரத்தையும் பேனாவையும் அவள் பக்கம் நகர்த்தினான். எல்லாம் பாடத்தில் உள்ளபடிதான். அவன் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்ததுதான் அதிகம்.

எழுந்து அடுக்களைக்குப் போய் உப்பு டப்பாவை எடுத்து வந்தேன். எங்கள் பளிங்குத் தண்ணீரில் ஒரு கரண்டி போட்டுக் கலக்கி மறுபடி சுவிட்சைப் போட்டேன். அது அக்காவின் தண்ணீரைவிடக் கேவலமாக ஆனது.

"பாருக்கா. இது எங்க மெஷின் தண்ணி. இந்த அழுக்கு தண்ணியில இருந்து வரல, கம்பியில இருந்து வருது. எந்த ஊர்த் தண்ணியில வச்சாலும் இப்படித்தான் ஆவும். அண்ணனுக்கு இருந்தது சக்கர வியாதி. அதனாலதான் கிட்னி போச்சுன்னு டாக்டரே சொன்னாருதானே?"

"சொன்னாரு."

"அதான்க்கா. உன் தண்ணியால இல்ல."

லீடர் காதில் போனை வைத்துக்கொண்டு வெளியே போனான். மணியே அடிக்காத போன் அது.

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். "அப்ப இத ஏன் எனக்குக் கொண்டாந்து காட்டுன?"

பொய் சொல்லத் தெம்பில்லை. ஒன்று குறைவதையும், அது இல்லாவிட்டால் வேலை போவதையும், முட்டியையும் சொன்னேன். கேட்டு முடித்ததும் பாரத்தைத் தன் பக்கம் இழுத்தாள்.

"எங்க சைன் போடணும்?"

"வேணாம்க்கா."

"ஒண்ணுதானே கொறையுதுன்ன? குடு பேனாவ."

"அக்கா, வேணாம்."

"உனக்கு வேல வேணுமா வேணாமா? நான் மாசா மாசம் கட்டிக்கிறேன். வீட்டுக்கு வந்த புள்ளைய வெறுங்கையா அனுப்பச் சொல்றியா?"

மூன்றாவது முறையும் வேண்டாம் என்றேன். அவள் அதையும் காதில் வாங்கவில்லை. மூன்று மாதம் கைதட்டிக் கற்ற பாடத்தை, ஒரு நாளும் கைதட்டாத அக்கா என்னிடமே நடத்திக்கொண்டிருந்தாள். நாலாவது முறைக்குப் போகாமல் பேனாவைப் பிடுங்கிக் கைப்பையில் போட்டு ஜிப்பை இழுத்தேன். பழுப்புத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, கிளாஸைக் கழுவி அவளிடமே நீட்டினேன். "இதுல ஊத்துக்கா, தாகமா இருக்கு" என்றேன். நிறைய ஊற்றினாள். மூன்று மாதத்தில் முதல் தடவையாக விற்கப் போன ஒரு வீட்டில் தண்ணீர் குடித்தேன்.

வாசலில் நின்ற லீடர் உள்ளே எட்டிப் பார்த்தான். அவன் போத்தல் வேனில் கொதித்துக்கொண்டிருந்தது. "அக்கா, எனக்கும் ஒரு கிளாஸ்" என்றான். இரண்டு கிளாஸ் குடித்தான். விரதத்தைப் பற்றி யாரும் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவனே பலகையில் என் பெயரை அழித்தான். திட்டவில்லை. கீழே வந்து எனக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்து, வேலை போனதையும் என் முட்டியையும் பற்றிக் கொஞ்சம் பேசிவிட்டு மேலே ஏறிப்போனான். கல்லாவில் இருந்த பாய் எங்கள் பேச்சு முழுவதையும் கேட்டிருக்கிறார். "இந்த நாற்காலியில உக்காந்துக்கிறியா தங்கச்சி? எனக்கு நிக்க முடியற காலு, உனக்கு உக்கார வேண்டிய காலு" என்றார். அன்றிலிருந்து அந்த நாற்காலியில்தான் இருக்கிறேன். மேலே இன்றும் எட்டரைக்கு "ஹங்ரி!" என்று கத்துகிறார்கள், பாய் அதைக் கேட்டதும் ரொட்டிக் கல்லைச் சூடாக்குகிறார்.

அக்கா மாதம் ஒரு தடவையாவது போன் செய்வாள். முட்டியைப் பற்றிக் கேட்பாள், செம்பனைக் காட்டில் பாம்பு பிடித்த கதை சொல்வாள். எல்லாம் பேசி, சரி வைக்கிறேன் என்ற பிறகும் வைக்க மாட்டாள்.

"ஏண்டி, அந்தத் தண்ணியால இல்லதானே?"

நான் விற்ற மெஷின்களைப் பிடிக்கவில்லையென்றால் சில நாட்களுக்குள் திருப்பித் தரலாம் என்று பாரத்தில் அச்சிட்டிருப்பார்கள். அக்காவிடமிருந்து ஒரு கையெழுத்தும் நான் வாங்கவில்லை. ஆனால் வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த அந்த ஒரு நிமிஷத்தில் ஒன்றை விற்றுவிட்டேன். அதை அவளால் திருப்பித் தர முடியவில்லை, என்னால் வாங்கிக்கொள்ளவும் முடியவில்லை.

போன வாரமும் கேட்டாள். மதிய நேரம், கல்லாவின் முன்னால் ஆட்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். பாய் என்னைப் பார்த்து வரிசையைக் காட்டினார். நான் போனை வைக்கவில்லை.

"இல்லக்கா, உன் தண்ணியால இல்ல" என்றேன். சரியாகக் கேட்கவில்லை என்றாள். கடையே திரும்பிப் பார்க்கும்படி இன்னொரு தடவை சொன்னேன்.