தமிழ் தெரியாத வீட்டில் வண்டி பார்த்த கதை

கல்கத்தாவில் எங்கள் குடும்பத்துக்கு ஒரு ரகசிய மொழி உண்டு. அதன் பெயர் தமிழ். கரியாஹாட் கடையில் புடவையைக் கையில் வைத்துக்கொண்டே, "ரொம்ப ஜாஸ்தி சொல்றான், எந்திரி" என்று என் கணவர் உரக்கச் சொல்லுவார். கடைக்காரர் சிரித்தபடி அடுத்த புடவையை விரிப்பார். இந்தச் சௌகரியம் மதுரையில் கிடைக்காது.

அந்தத் தைரியத்தில்தான் போன மழைக்காலத்தில் பாலிகஞ்சில் ஒரு வீட்டுக்குப் பழைய வண்டி பார்க்கப் போனோம். ஏழு பேர் உட்காரலாம், நான்கு சக்கரமும் இழுக்கும், பெரிய டீசல் வண்டி. அதற்கு முந்தைய குளிர்காலத்தில் புருலியா பக்கம் எங்கள் சின்னக் கார் ஆற்று மணலில் வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. ஓட்டியவர் என் கணவர். தினமும் மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு, ஆட்டோக்களுக்கு நடுவே புகுந்து பேங்குக்குப் போகிறவள் நான். அவருக்கு கார்டன் ரீச் ரயில்வே ஆபீசுக்குப் போக வண்டியும் டிரைவரும் உண்டு. ஆனாலும் வெளியூர் என்றால் சாவி அவர் கைக்குப் போய்விடும். யாரும் கேட்டதில்லை, நானாகவே கொடுத்துக்கொண்டிருந்தேன். இந்தத் தடவை எனக்குப் பிடிவாதம் வந்துவிட்டது. வரப்போகும் வண்டியை மண்ணிலும் மலையிலும் நான்தான் ஓட்ட வேண்டும். அதைச் சொல்ல மட்டும் வாய் வரவில்லை.

வழுக்கைத் தலையும் வெள்ளை பைஜாமாவுமாக ஒரு பெரியவர் கேட்டைத் திறந்தார். வண்டியைக் காட்டிவிட்டுக் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு ஓரமாக நின்றார்.

இந்த ஊரில் பழைய வண்டி வாங்கும்போது எஞ்சினைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் தண்ணீரைப் பார்க்க வேண்டும். ஒரு பெரிய மழையில் தெருவே குளமாகி, நிறுத்திய வண்டி சீட் வரை முங்கியிருக்கும். நான் வண்டித் தரையில் போட்டிருந்த பாயைத் தூக்கி முகர்ந்தேன். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுத்துச் சேற்றுக் கறை தேடினேன். இல்லை.

"கறை இல்லைங்க. ஆனா நம்பாதீங்க, உக்காந்து நல்லா தேச்சிருப்பாரு. மூஞ்சியப் பாருங்க, ஒண்ணும் தெரியாத பாப்பா."

"அம்மா, சுப் கொரோ" என்று மகள் பல்லைக் கடித்தாள். சும்மா இரு என்று சொல்ல அவளுக்கு அவசரத்துக்கு வங்காளம்தான் வரும்.

கணவர் பானட்டைத் தடவிக்கொண்டிருந்தார். "வண்டி நல்ல வண்டிதான். ஆனா யானை மாதிரி இருக்கு, நீ எங்க இதை ஓட்டப் போற? உனக்கு நம்ம சின்னக் காரே போதும். இதை நான் பாத்துக்கறேன்."

"மணல்ல நீங்க பாத்துக்கிட்ட லட்சணத்தைத்தான் டிராக்டர் கொண்டுவந்து இழுத்தாங்களே."

பெரியவர் தொண்டையைச் செருமினார். "அம்மா, தண்ணி உள்ள போகலே. எங்க வீடு மேடு. நான் தேய்க்கலே."

தூக்கிவாரிப்போட்டது. மகள் வண்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டாள். கணவர் பானட்டிலிருந்து கையை எடுத்துக்கொண்டார்.

பெரியவரின் மனைவிக்கு வேலூரில் இதய ஆபரேஷன் நடந்ததாம். மாதக்கணக்கில் லாட்ஜில் தங்கி, மார்க்கெட்டில் பேரம் பேசிப் பேசிக் கற்ற தமிழ். பாதிக் கல்கத்தா வைத்தியத்துக்கு வேலூர் போய்த்தான் வருகிறது. அவர்களை ஏற்றிப்போகும் ரயில்களோடுதான் என் கணவருக்கு நாளெல்லாம் வேலை. போகிறவர்கள் கொஞ்சம் தமிழோடு திரும்பி வருவார்கள் என்று எங்களுக்குத்தான் உறைக்கவில்லை.

"மன்னிச்சுக்கங்க தாதா" என்றேன். இந்த ஊரில் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள்.

"பரவாயில்லே. வேலூர்ல ஆட்டோக்காரன் இன்னும் ஜாஸ்தி சொல்லுவான்." பிறகு என் கணவரைப் பார்த்தார். "சார், இது என் வண்டி இல்லே. எனக்கு லைசென்ஸே இல்லே. ஆபரேஷன் முடிஞ்சு வந்து அவங்க வாங்கினாங்க. அவங்கதான் ஓட்டுவாங்க. இப்போ முட்டி வலி, ஏற முடியலே."

அவர் மனைவி படியிறங்கி வந்தார். என் தோள் உயரம்கூட இல்லை. சாவிக்காக என் கணவர் நீட்டிய கையைத் தாண்டி அதை என்னிடம் கொடுத்து, "துமி சாலாவ்" என்றார். நீ ஓட்டு.

நானும் மகளும் அவரைத் தாங்கி முன்சீட்டில் ஏற்றினோம். கணவரும் மகளும் பின்னால். ரயில் பாதைக்குப் பக்கத்தில் ஒரு காலி மனைக்குப் போகச் சொன்னார் பௌதி, அதாவது அண்ணி. மழையில் ஊறிய சேறு, நடுவில் இடித்த கட்டடத்தின் மண்மேடு. நான்கு சக்கரத்தையும் இழுக்கவைக்கும் சின்ன லீவரை இழுக்கச் சொன்னார். அவசரப்படாதே, கிளட்சிலிருந்து காலை எடு, அதுவே ஏறும் என்றார். ஏறியது. முன்கண்ணாடி முழுக்க வானம் தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தப் பக்கம் சேறு தெறிக்க இறங்கினோம். வழக்கமாக பிரேக், பிரேக் என்று கத்துகிறவர் பின்னால் கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

திரும்பி வந்ததும் பெரியவர் ஜன்னலருகே வந்து, "சார், நீங்களும் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாருங்க" என்றார்.

கணவர் பின்சீட்டை விட்டு அசையவில்லை. "நான் எதுக்கு தாதா? ஓட்டப்போறது அவதான்."

அதை அவர் தமிழில்தான் சொன்னார், அங்கே எல்லோருக்கும் புரியும் என்று தெரிந்தே. இறங்கிப் போய் அவர் கையைப் பிடித்துக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் ஸ்டியரிங்கை விட மனமில்லாமல் அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.